பருத்தி இழையின் மரபணுத் தரவுகளும் பொதுச் சொற்களஞ்சியமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையத்தில் நூற்பாலையைத் தொடங்கினார். அடுத்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கு உருவான இரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்று ஊர்ப்பெயரைத் தாங்கியே வழங்குகின்றன. ஓர் ஊர் இழையை நூற்கிறது. மற்றோர் ஊர் அந்த இழையைத் தரும் செடியை உருவாக்குகிறது. இழையின் நீளத்தையும் வலிமையையும் செடிக்குள் எது தீர்மானிக்கிறது என்ற கேள்வி இரண்டு ஊருக்கும் பொதுவானது. அதற்கு விடை தேடும் மரபணு வெளிப்பாட்டுத் தரவுகள், அதாவது எந்தத் திசுவில் எந்த நாளில் எந்த மரபணு எவ்வளவு இயங்கியது என்ற பதிவுகள், இன்று உலகெங்கும் குவிந்துள்ளன. அவற்றை ஒப்பிடத்தக்கனவாக மாற்றியதில் கருவிகளின் வேகத்தைவிட வரையறுக்கப்பட்ட பொதுச் சொற்களுக்கே பெரும்பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆலைகள் அறிந்த சிக்கல்

பஞ்சு வாங்கும் ஆலை முதலில் கேட்பது இழை நீளம், வலிமை, நுண்மையைக் காட்டும் மைக்ரோனேர். இந்தியாவில் நீளத்தை 2.5 விழுக்காடு ஸ்பான் நீளமாகக் குறிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எச்.வி.ஐ. எனப்படும் உயர்திறன் கருவி முறையில் அதே நீளம் மேற்பாதிச் சராசரி நீளமாகக் குறிக்கப்படுகிறது. வலிமையை அளக்கவும் ஐ.சி.சி. முறை, எச்.வி.ஐ. முறை என இரண்டு உண்டு. ஒரே பேலிலிருந்து எடுத்த பஞ்சுக்கு இரண்டிலும் வெவ்வேறு எண்கள் வரும். எந்த முறையில் அளந்தது என்று தெரியாத எண்ணால் யாருக்கும் பயனில்லை. மரபணு ஆய்வகங்கள் இதே சிக்கலை 1990களில் எதிர்கொண்டன.

சொற்களஞ்சியங்களின் தோற்றம்

1995இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸ் செடியின் 45 மரபணுக்களின் இயக்கத்தை ஒரே கண்ணாடித் தகட்டில் ஒருசேர அளந்து காட்டினர். மைக்ரோஅரே எனப்படும் அம்முறை சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு விரிந்தது. ஆனால் ஒவ்வோர் ஆய்வகமும் தனக்குப் பழகிய சொல்லிலேயே திசுவையும் பருவத்தையும் குறித்தது.

பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகியவற்றின் தரவுத்தளங்களை நடத்தியவர்கள் 1998இல் ஒன்றுகூடி ஜீன் ஆன்டாலஜியைத் தொடங்கினர். மூலக்கூறின் பணி, உயிரியல் நிகழ்வு, செல்லில் அமைவிடம் என்ற மூன்று பிரிவுகளில் சொற்களுக்கு வரையறையும் அடையாள எண்ணும் தந்தனர். 2001இல் வெளியான மியாமி நெறிமுறை, ஒரு மைக்ரோஅரே சோதனையைப் பற்றிக் குறைந்தது எவற்றையெல்லாம் பதிய வேண்டும் என்று வகுத்தது.

தென்னாப்பிரிக்கத் தேசிய உயிரித் தகவலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேனட் கெல்சோவும் உடன் உழைத்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஈவாக் என்ற சொற்களஞ்சியம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். உடற்கூறு, செல்வகை, நோய்நிலை, வளர்ச்சிப் பருவம் என்ற நான்கு தனித்தனிச் சொல்லடுக்குகளை அவர்கள் அமைத்தனர். விரிந்த சொல்லின்கீழ்க் குறுகிய சொற்கள் அடங்குவதால், நரம்பு மண்டலம் என்று தேடினால், மூளை என்று மட்டும் குறிக்கப்பட்ட மாதிரிகளும் சேர்ந்தே கிடைக்கும். நான்கையும் இணைத்து, கருப்பருவத்தில் நோயற்ற இதயத்தில் இயங்கும் மரபணுக்கள் எவை என்றும் கேட்கலாம். மனிதத் தரவுக்காக எழுந்த இந்த அமைப்பின் தர்க்கம் செடிகளுக்கும் பொருந்தும். அந்த ஆண்டுகளிலேயே நெல், மக்காச்சோளம், அராபிடாப்சிஸ் ஆகியவற்றை முன்வைத்துத் தாவரங்களுக்கான பிளாண்ட் ஆன்டாலஜி வளர்ந்தது.

பருத்திக்கு வந்தபோது

பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே செல். பூ மலரும் நாளையொட்டிச் சூலின் மேற்தோல் செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீளத் தொடங்குகிறது. காலையில் வெளிர்நிறத்தில் விரியும் பூ மறுநாள் இளஞ்சிவப்பாகிவிடும். ஆகவே விரிந்த அன்றே காம்பில் தேதிச் சீட்டு கட்டுவார்கள். நாள் கணக்கு அதிலிருந்து ஓடும். பத்தாம் நாள் காயைப் பறித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, ஆர்.என்.ஏ.வைப் பிரிப்பார்கள்.

அந்த மாதிரியை ஓர் ஆய்வகம் '10 டி.பி.ஏ. இழை' (டி.பி.ஏ. என்பது மலர்ந்தபின் நாள் கணக்கு) என்று பதியும். இன்னொன்று 'நீட்சிப் பருவ இழை' என்று எழுதும். மூன்றாவது 'பத்து நாள் சூல்' என்று குறிக்கும். முதல் இரண்டும் ஒன்றே என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது. மூன்றாவதிலோ பொருளே மாறிவிடக்கூடும்: இழையைச் சூலிலிருந்து பிரிக்காமல் அரைத்திருந்தால், அங்கே தெரியும் மரபணு இழைக்குரியதா விதைக்குரியதா என்று சொல்ல முடியாது. திசு, பருவம், இரகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த சொல்லைத் தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் வரும்போது இந்த மயக்கம் பதியும் இடத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

சொல்லடுக்கு இன்னொரு வழியையும் திறக்கிறது. பருத்தி இழை, விதையின் தோலில் முளைக்கும் மயிர்போன்ற தூவி. அராபிடாப்சிஸ் இலையிலும் தூவி உண்டு. இரண்டும் 'தூவி' என்ற ஒரே மேற்சொல்லின்கீழ் வந்தால் இரு செடிகளின் தரவையும் ஒரே கேள்வியால் தேடலாம். இந்த உறவு வெறும் வகைப்பாடு அன்று. கருங்கண்ணிப் பருத்தியின் இனமான காசிபியம் ஆர்போரியத்திலிருந்து எடுத்த ஜிஏமைப்2 மரபணு, தூவியற்ற அராபிடாப்சிஸ் செடியில் மீண்டும் தூவியை முளைக்கச் செய்ததாக 2004இல் ஆய்வு வெளியானது.

1995இல் தொடங்கிய காட்டன்டிபி என்ற பருத்தித் தரவுத்தளத்தின் தரவுகளையும் பருத்தி மரபுக்குறிகளின் தனித் தரவுத்தளத்தையும் இணைத்து, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோரி மெயின் குழு 2012இல் காட்டன்ஜென் தரவுத்தளத்தை உருவாக்கியது. அதன் அடித்தளமான சாடோ என்ற தரவுத்தளக் கட்டமைப்பில் பொதுச் சொற்களுக்கென்று தனி அட்டவணை உண்டு. பதிவுகள் அந்தச் சொற்களைச் சுட்டியே அமைகின்றன. சொல்லின் வரையறையைத் திருத்தினால் அதைச் சுட்டும் பதிவுகள் அனைத்துக்கும் திருத்தம் போய்ச் சேரும்.

முடிவுரை

இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 1980களிலேயே உயிரித் தகவலியல் மையங்களை நிறுவியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சேமிக்க இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பதியும் முறை சீராக இல்லாவிட்டால், சேமித்த தரவு தேடும்போது அகப்படாது.

ஆகவே இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் பருத்தியை ஆய்வு செய்யும் மாணவர்கள் மாதிரி எடுக்கும் நாளிலேயே இரகம், திசு, மலர்ந்த நாள் கணக்கு, பாசன நிலை ஆகியவற்றைப் பொதுச் சொற்களின் அடையாள எண்ணோடு எழுதிவைக்க வேண்டும். நெறியாளர்கள் அதை ஆய்வேட்டின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். அப்படிச் செய்தால் கரிசல் மண்ணில் விளைந்த இழையின் தரவு உலகத் தரவுகளோடு ஒப்பிடப்படும். அதன் பயன் இங்குள்ள உழவருக்கும் ஆலைக்கும் வந்து சேரும்.