எழுபது பேர் எப்போது வந்தார்கள்? பழையனூர் நீலி கதையும் பேய்க்கதைத் தொகுப்பாளரின் பொறுப்பும்

குமராட்சி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதியில் பேய்க்கதை சொல்பவர்கள் பெரும்பாலும் அடையாளம் வைத்துத்தான் சொல்வார்கள். இன்ன மதகு, இன்ன புளியமரம், இன்னார் வீட்டுப் பெண், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த இன்ன வருஷம். கேட்பவரை நம்பவைக்கும் சான்று அதுதான். அந்தக் கதை எழுத்துக்கு வரும்போது இவற்றில் எது நிலைக்கிறது, எது உதிர்கிறது, எது புதிதாக முளைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வாய்மொழியில் மட்டும் வாழ்ந்த கதையில் இதைத் தேடுவது கடினம். நல்வாய்ப்பாக, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தில் தடம் விட்டுவந்த பேய்க்கதை ஒன்று தமிழில் இருக்கிறது. பழையனூர் நீலி கதை திருவாலங்காட்டைச் சேர்ந்தது. ஆனால் அதன் வளர்ச்சியில் இரண்டு கட்டங்கள் சிதம்பரத்தோடு பிணைந்தவை.

இன்று மக்கள் அறிந்த கதை இது. கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகிறாள். மறுபிறப்பில் வணிகனாக வரும் அவனைப் பழையனூரில் மடக்குகிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தானே அவன் மனைவி என்று ஊரவையில் முறையிடுகிறாள். வேளாளர் எழுபது பேர் அவளை நம்புகிறார்கள். வணிகனுக்கு ஏதும் நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்களிக்கிறார்கள். இரவில் அவள் அவனைக் கொல்கிறாள். விடிந்ததும் எழுபது பேரும் தீக்குழியில் இறங்குகிறார்கள்.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதன் நிழல் மட்டும் தெரிகிறது. ஒருத்தி வஞ்சித்து உயிர் கொண்டாள், அதைக் கேட்டு அஞ்சும் ஊர் பழையனூர் என்ற அளவோடு பாடல் நகர்ந்துவிடுகிறது. பெயர் இல்லை, வணிகன் இல்லை, எண்ணிக்கை இல்லை. இதைக் கொண்டு அந்த விவரங்கள் அப்போது வழங்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. கேட்பவர்க்குத் தெரிந்த கதையைப் பதிகம் தொட்டுக்காட்டினால் போதும். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

10ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கருதப்படும் நீலகேசி என்ற சமணக் காப்பியத்தில் பழையனூர் நீலியே தலைவி. சுடுகாட்டில் தவம் செய்யும் முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்தவள், தோற்று அவருக்கே மாணவியாகிறாள். பிறகு பௌத்தம் முதலிய சமயங்களோடு வாதிட்டு வெல்கிறாள். அ. சக்கரவர்த்தி 1936இல் உரையோடு பதிப்பித்த இந்நூல் ஒன்றைத் தெளிவாக்குகிறது: நீலியின் பெயர் அதற்குள் நாடறிந்ததாக இருந்திருக்கிறது. ஊரறியாத பேயைத் திருத்தி வாதத்துக்கு அனுப்புவதால் எந்தச் சமயத்துக்கும் பெருமை வராது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைத் தொண்டை நாட்டுச் சிறப்பாக, பெரியபுராணத்தின் திருக்குறிப்புத்தொண்டர் புராணப் பகுதியில் சொல்கிறார். அங்கே பேய் பின்னுக்குப் போய்விடுகிறது. தம் உயிரையும் வணிகனுக்குக் கொடுத்த சொல்லையும் தூக்கிப் பார்த்து, சொல்லையே காத்த பழையனூராரே முன்னால் நிற்கிறார்கள். வேளாளர் மரபில் வந்த ஆசிரியர் எதை முன்னிறுத்துவார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இங்கும் எண்ணிக்கை கிடையாது.

எழுபது என்ற எண்ணும் நீலி என்ற பெயரும் தீக்குழியும் சைவ மரபில் ஒருசேர வருவது சேக்கிழார் புராணத்தில்தான். சிதம்பரம் கொற்றவன்குடியில் வாழ்ந்தவரும் 1313ஆம் ஆண்டைக் குறிக்கும் சங்கற்ப நிராகரணம் என்ற நூலை இயற்றியவருமான உமாபதி சிவாசாரியார் பாடியதாகக் கொள்ளப்படும் நூல் அது. சேக்கிழாரின் குலப் பெருமையைச் சொல்ல வந்த இடத்தில், கேட்பவர் மனத்தில் தைக்கும் துல்லியம் தேவைப்பட்டிருக்கிறது. பேய்க்கதையில் துல்லியமான எண் சான்றாகத் தோற்றம் தரும். ஆனால் பல நேரம் அது கதைக்குக் கடைசியில் வந்து சேர்ந்த அணி.

இன்னொன்றையும் இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரியபுராணம் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்று நாம் நம்பிச் சொல்லும் செய்தியும் இதே சேக்கிழார் புராணம் தருவதுதான். நீலியை நாட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டு அரங்கேற்றத்தை வரலாறு என்று அப்படியே ஏற்பது ஆய்வு முறை ஆகாது. இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

பதிவும் புனைவும் அருகருகே நிற்கும் இடமும் இப்பகுதியில் உண்டு. குமராட்சிக்கு மேற்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களையும் அவர்களைச் சேர்ந்தோரின் நிலம் பற்றிய ஆணையையும் அது தருகிறது. அதே மண்ணில், வீராணம் ஏரிக்கரையில், கல்கி 1950இல் பொன்னியின் செல்வனைத் தொடங்கினார். அந்த நாவலில் சுந்தர சோழரை இரவில் வாட்டும் பெண்ணாவி மந்தாகினியின் உருவம். மந்தாகினி முழுக்கக் கல்கியின் படைப்பு. இதில் குறை காண ஏதுமில்லை, நாவல் என்றுதான் அவர் எழுதினார். திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் அப்படியே. வந்தவள் பேயா பெண்ணா என்று கடைசிவரை தீர்த்துச் சொல்லாமல் விட்டது கலைஞனின் உரிமை. வட்டாரக் கதைகள் என்று பெயரிட்டுத் தொகுப்பவருக்கு அந்த உரிமை இல்லை.

அந்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை காட்டியிருக்கிறார். சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, ஆநிரை காக்கப் போராடி மாண்டு தெய்வமான பிராமணன் முத்துப்பட்டனின் கதைப்பாடலை 1971இல் அவர் பதிப்பித்தார். அப்பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்று சொல்லும் பகுதி பின்னால் நுழைக்கப்பட்டது என்பது அவர் வாதம். சாதி மீறிய மணம் அந்த ஒரே செருகலில் மறைந்துபோகிறது. கதைக்குச் சுவை கூட்டுவதாகத் தோன்றும் மாற்றம் வரலாற்றை அழித்துவிடும் இடம் இது.

பழைய தென்னார்க்காட்டின் செஞ்சிப் பகுதியில் கள ஆய்வு செய்து, மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூல் இன்னும் கடினமான கேள்வியை நம்முன் வைக்கிறது. அவர் கண்ட பேய்களில் பெரும்பாலானவை அகாலமாக இறந்த இளைஞர்கள். பலர் காதல் கைகூடாமல் தற்கொலை செய்துகொண்டவர்கள். பேய் பிடித்தவர்கள் பெரும்பாலும் புதிதாக மணமான பெண்கள். பம்பை இசைத்துப் பேயோட்டும் பம்பைக்காரர்கள் பேயிடம் முதலில் வாங்குவது அதன் பெயர், ஊர், செத்த விதம். பிறகுதான் பேய் பிடித்தவரின் முடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து அதைக் கட்டுவது. ஆக, பேய்க்கதை என்பது பல வேளைகளில் ஓர் உண்மையான சாவைப் பற்றி ஊர் வைத்திருக்கும் ஒரே பதிவு. அது தற்கொலைதானா என்ற ஐயமும் சில கதைகளில் ஒளிந்திருக்கும். அந்தச் சாவுக்கு உரிய குடும்பம் இன்னும் அதே தெருவில் வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

ஆகவே கொள்ளிடக் கரைக் கதைகளைத் தொகுக்க முனையும் ஆசிரியர்களுக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. கதையை ஒலிப்பதிவு செய்யுங்கள். சொன்னவரின் வயது, தொழில், யாரிடம் கேட்டார் என்பதைக் குறியுங்கள். அண்மைக் காலத்தில் இறந்தவரின் பெயரை அச்சில் மறையுங்கள், ஆனால் மறைத்ததைச் சொல்லுங்கள். கல்வெட்டோ ஊர்க் கணக்கோ மாறுபட்டால் கதையைத் திருத்தாமல் அடியில் எழுதுங்கள். ஒரே மதகைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால், அவற்றை இணைத்து ஆறாவதாக ஒன்றை உருவாக்காமல், ஐந்தையும் அச்சிடுங்கள்.