குரூஸ் கன்ட்ரோல் முதல் லேன் கீப்பிங் வரை: ஓட்டுநர் துணைக் கருவிகளின் வரலாறு

முன்னே செல்லும் வாகனத்தின் வேகத்துக்கு ஏற்பக் கார் தன் வேகத்தைத் தானே கூட்டியும் குறைத்தும் கொள்ளும் வசதி அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் எனப்படுகிறது. சாலைக் கோடுகளைக் கண்டறிந்து, கார் தன் தடத்தை விட்டு விலகாதவாறு ஸ்டியரிங்கை மெல்லத் திருத்துவது லேன் கீப்பிங் அசிஸ்ட் ஆகும். இவற்றைத் தமிழில் தகவமை வேகக் கட்டுப்பாடு, தடம் காக்கும் உதவி எனக் கூறலாம். ஓட்டுநரின் காலும் கையும் செய்த வேலையை இயந்திரம் படிப்படியாக ஏற்றுக்கொண்டதே இவற்றின் வரலாறு. ஆனால், சாலையைக் கவனிக்கும் பொறுப்பு இக்கருவிகளிடம் ஒப்படைக்கப்படவில்லை.

நீராவி எஞ்சினில் தொடக்கம்

வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் முயற்சி காருக்கு முந்தியது. 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினில் சுழல் குண்டுகள் கொண்ட வேகச் சீராக்கி ஒன்றைப் பொருத்தினார். எஞ்சின் வேகமெடுத்தால் குண்டுகள் விலகி உயர்ந்து, நீராவி செல்லும் வழியைக் குறுக்கும். வேகம் தணிந்தால் அவை தாழ்ந்து வழியை அகலத் திறக்கும். அளந்து பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இந்தப் பின்னூட்ட முறையே இன்றைய குரூஸ் கன்ட்ரோலுக்கும் அடிப்படை.

பார்வையற்ற பொறியாளர்

கார்களுக்கான நவீன வேகக் கட்டுப்பாட்டை உருவாக்கியவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர் (1890–1982). ஐந்து வயதில் நேர்ந்த விபத்தில் பார்வையை இழந்த அவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றார். பிஸ்டன் வளையம் தயாரிக்கும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனத்தின் தலைவராகவும் உயர்ந்தார். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, பேசுகையில் வேகத்தைக் குறைப்பதும் கேட்கையில் கூட்டுவதுமாக இருந்தாராம். அந்தக் குலுங்கலைத் தாங்க முடியாமல்தான் டீட்டர் இக்கருவியைப் பற்றிச் சிந்தித்தார் எனச் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரப்பரையும் எரிபொருளையும் சேமிக்க அமெரிக்காவில் மணிக்கு 35 மைல் என்ற வேக வரம்பு விதிக்கப்பட்டதும் இவ்வெண்ணத்துக்கு வலுச் சேர்த்தது.

டீட்டர் 1950-இல் காப்புரிமை பெற்றார். முதல் வடிவத்தில், குறித்த வேகத்தை எட்டியதும் ஆக்சிலேட்டர் மிதி காலை எதிர்த்துத் தள்ளும். வேகத்தை அப்படியே பிடித்து வைத்து, பிரேக்கைத் தொட்டதும் விட்டுவிடும் அமைப்பு பின்னர் சேர்ந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1958-ஆம் ஆண்டு மாடல்களில் இதை 'ஆட்டோ பைலட்' என்ற பெயரில் வழங்கியது. பின்னாளில் கேடிலாக் சூட்டிய 'குரூஸ் கன்ட்ரோல்' என்ற பெயரே நிலைத்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் சிக்கனம் கருதி இக்கருவி பரவலாயிற்று.

ரேடாரும் கேமராவும்

பழைய குரூஸ் கன்ட்ரோலுக்கு முன்னால் வாகனம் இருப்பது தெரியாது. இக்குறையை நீக்க 1990-களில் ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்கள் முயன்றன. 1995-இல் வெளிவந்த மிட்சுபிஷி டயமாண்டே காரில் லேசர் கற்றை இடைவெளியை அளந்தது. ஆனால் அக்கருவி எஞ்சின் விசையையும் கியரையும் மட்டுமே குறைத்தது, பிரேக் போடவில்லை. 1999-இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் கிளாஸ் காரில் அறிமுகப்படுத்திய டிஸ்ட்ரானிக், ரேடாரைப் பயன்படுத்தி மிதமாகப் பிரேக்கும் போட்டது. 2005-இல் வந்த அதன் அடுத்த வடிவம் காரை முழுவதுமாக நிறுத்தவும் செய்தது.

தடம் காக்கும் உதவிக்கான ஆய்வுகளும் இதே காலத்தவை. மியூனிக் நகரின் ஜெர்மானிய இராணுவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் குழுவினரின் கார், 1995-இல் கேமராக் காட்சியைக் கொண்டு பெரும்பாலும் தானாகவே டென்மார்க் வரை சென்றது. 2001-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் சிமா, ஸ்டியரிங்குக்கு உதவும் வசதியைப் பெற்ற முதல் கார்களுள் ஒன்று.

இயங்கும் முறையும் எல்லையும்

ஓட்டுநர் வேகத்தையும் இடைவெளியையும் தெரிவு செய்கிறார். இடைவெளி பொதுவாக நேரத்தால் கணக்கிடப்படுகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். எனவே இரண்டு நொடி இடைவெளி என்பது சுமார் 56 மீட்டர். ரேடார் அலை மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவும், அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு முன் வாகனத்தின் ஒப்பு வேகமும் அறியப்படுகின்றன.

பாலம், பெயர்ப்பலகை போன்றவையும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். அவற்றுக்காகத் தேவையின்றிப் பிரேக் போடாமலிருக்க, தொடக்ககாலக் கருவிகள் அசையாப் பொருள்களைப் பொருட்படுத்தாதவாறு அமைக்கப்பட்டன. இதனால் நின்றுகொண்டிருக்கும் வாகனத்தையும் அவை தவறவிடக்கூடும். கோடுகள் அழிந்த சாலை, கனமழை, எதிர்வெயில் ஆகியவற்றில் கேமராவும் தடுமாறும்.

பெயரும் பொறுப்பும்

எஸ்ஏஇ எனப்படும் வாகனப் பொறியாளர் சங்கம் 2014-இல் தானியக்கத்தைச் சுழி முதல் ஐந்து வரையிலான நிலைகளாக வகுத்தது. 1936-இல் டீட்டர் தலைமை வகித்த சங்கமே அது. இவ்விரு வசதிகளும் சேர்ந்து இயங்கினாலும் அது இரண்டாம் நிலை மட்டுமே. அந்நிலையில் ஓட்டுநர் இடைவிடாது சாலையைக் கண்காணிக்க வேண்டும்.

இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவுக்குக் கண்காணிப்பவரின் கவனம் தளர்கிறது என்பதே இதிலுள்ள சிக்கல். தானியக்கம் மனிதரிடம் விட்டுவைக்கும் கண்காணிப்பு வேலை அவர்களால் எளிதில் செய்யக்கூடியதன்று என்பதை உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே ஆய்வுக் கட்டுரையொன்றில் விளக்கினார். 2016 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில், டெஸ்லாவின் 'ஆட்டோபைலட்' இயங்கிக்கொண்டிருந்த கார் ஒன்று சாலையைக் கடந்த லாரியின் மீது மோதியதில் ஓட்டுநர் இறந்தார். லாரி ஓட்டுநர் வழிவிடாததுடன், கார் ஓட்டுநர் தானியக்கத்தை மிகையாக நம்பியதும், அவர் நெடுநேரம் கவனமின்றி இருக்க அமைப்பு இடங்கொடுத்ததும் காரணங்கள் என அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் முடிவு செய்தது.

1958-இல் வேகத்தை மட்டும் பிடித்து வைத்த கருவிக்கும், அரை நூற்றாண்டுக்குப் பின் ஸ்டியரிங்கையும் திருப்பிய கருவிக்கும் ஏறக்குறைய ஒரே பெயர்தான் சூட்டப்பட்டது. இரண்டுமே அந்தப் பெயர் சொன்ன அளவுக்குத் தாமாக ஓட்டியவை அல்ல. இன்று பல கார்களில் ஸ்டியரிங்கில் கை இருக்கிறதா, ஓட்டுநரின் கண் சாலையில் இருக்கிறதா என்று சோதிக்கும் உணரிகள் உள்ளன. சாலையைப் பார்க்கத் தொடங்கிய இயந்திரம், இப்போது ஓட்டுநரையும் பார்க்க வேண்டியதாகிவிட்டது.