கோழிக்குஞ்சு நடுக்க நோய்

தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்கு வந்து, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் வைரஸ் நோய். 1930இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், இரண்டு வார வயதான ரோட் ஐலண்ட் ரெட் குஞ்சுகளில் முதலில் காணப்பட்டது.

முட்டையிடும் கோழி இந்நோயைப் பெரும்பாலும் வெளியே காட்டுவதில்லை. இரை எடுக்கும், நடமாடும். முட்டை எண்ணிக்கை மட்டும் 5 முதல் 10 விழுக்காடு குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீளும். அந்த நாட்களில் இட்ட முட்டைகளில்தான் கேடு இருக்கிறது. சில கருக்கள் ஓட்டுக்குள்ளேயே மடியும். பொரித்த குஞ்சுகள் முதல் வாரத்திலேயே தள்ளாடி, குதிகாலில் உட்காரும்; தலையும் கழுத்தும் வெடவெடக்கும். நீரும் தீனியும் எட்டாமல் பல இறக்கும்; சில மிதிபடும். பிழைத்தவற்றுக்குப் பின்னாளில் கண்புரை வரலாம்.

மருந்து இல்லை.

தாமிரபரணிக் கரையில் ஏரல் வட்டாரத்தில் புறக்கடையில் கோழி வளர்ப்போர் அதிகம் அஞ்சுவது வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத்தான். அதிலும் கழுத்து முறுக்கும், நடுக்கமும் உண்டு. ஆனால் அது எல்லா வயதுக் கோழியையும் சாய்க்கும். நடுக்க நோயோ மூன்று, நான்கு வாரம் கடந்தவற்றில் அறிகுறி காட்டுவது அரிது. வைட்டமின் ஈ குறைவும் இதே தோற்றம் தரும் என்பதால் ஆய்வகச் சோதனையே முடிவு சொல்லும். அதுபற்றிக் கேட்க, திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இனப்பெருக்கக் கோழிகளுக்கு முட்டையிடத் தொடங்குவதற்கு நான்கு வாரம் முன்பாவது தடுப்பூசி தரவேண்டும். தாயின் எதிர்ப்பாற்றல் மஞ்சள் கருவின் வழியே குஞ்சைக் காக்கும். குஞ்சு வாங்குவோர், தாய்க்கோழிகளுக்கு இத்தடுப்பூசி போட்டார்களா என்று பொரிப்பகத்தில் கேட்டு வாங்குங்கள்.