தில்லை, உப்பு, தோம்பு: சனாதனனின் கலையில் வாதம்

தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். அதே மரந்தான் சிதம்பரத்தின் தலவிருட்சம். பொன்னம்பலத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததும் அதுவே. கண்டல் காடுகளில் வளரும் இந்த மரம் புத்தளக் களப்பிலும் உண்டு. ஆகவே, புத்தளம் நகரையடுத்த தில்லையடியின் பெயரைச் சொல்லும்போதே இயற்கையும் தொன்மமும் ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. இரசவாதத்தைத் தேடியும் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. இரசவாதிகள் தேடிய உப்பு விளையும் உப்பளங்கள் அருகே பாலாவிப் பக்கம் இருக்கின்றன.

இன்றைய காண்பியக் கலை பற்றிய எழுத்தில் இயற்கை, தொன்மம், இரசவாதம் என்ற இம்மூன்றும் ஒன்றாக அடுக்கப்படும்போது முதலில் நினைவுக்கு வருபவர் ஜெர்மானிய ஓவியர் அன்செல்ம் கீஃபர். 1945இல், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் பிறந்தவர். வைக்கோல், சாம்பல், காரீயம் ஆகியவற்றால் தம் நாட்டின் குற்றத்தைப் பேசியவர். கொலோன் பேராலயத்தின் கூரையிலிருந்து கழற்றிய ஈயத்தை 1985இல் வாங்கிப் புத்தகங்களாக வார்த்தார். தமிழ்ச் சூழலில் இதற்கு இணையாகக் காட்டப்படக்கூடியவர் சோழமண்டலக் கலைக்கிராமத்தை 1966இல் நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் சாதகக் கட்டங்களும் வாசிக்க முடியாத எழுத்துகளும் ஓலைச்சுவடி போலக் கான்வாஸை நிறைக்கின்றன. அவருக்குப் பின் சக்கரமும் எந்திரமும் வரைந்தாலே மரபு வந்துவிடும் என்று நம்பிய ஓவியங்கள் ஏராளம். பணிக்கரின் தேடல் உண்மையானது. பின்வந்த பலருடையதை அப்படிச் சொல்ல என்னால் முடியாது. இரசவாதத்தின் சின்னங்களைப் படத்தில் வைப்பது வேறு, படம் உருவாகும் வழியே இரசவாதமாக இருப்பது வேறு. இரண்டாவதற்கு நம்மிடமுள்ள மிகச் சிறந்த எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அவர் தம் படைப்புகளை இரசவாதம் என்று அழைத்தார் என நான் கூறவில்லை. வாசிப்பதற்கு அச்சொல் உதவுகிறது என்பதே என் கருத்து.

சித்தர் மரபில் வாதம் எனப்படும் இரசவாதமும் வைத்தியமும் யோகமும் ஞானமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. செம்பைப் பொன்னாக்கும் வேதை அதன் ஒரு முகமே. உடலை அழியாமல் நிறுத்தும் காயசித்தி மற்றொரு முகம். இரண்டுக்கும் திறவுகோலாகச் சொல்லப்படுவது முப்பு என்னும் உப்பு. அதன் கூறுகள் எவை என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. பூநீறு என்றும் கல்லுப்பு என்றும் பரிபாஷையில் மறைத்தே பேசுகின்றன. மேலை இரசவாதிகளிலும் பாராசெல்சஸ் கந்தகத்தோடும் பாதரசத்தோடும் உப்பையும் சேர்த்துக்கொண்டார்.

உப்புக்கு வாதத்தில் ஏன் இந்த இடம் என்பது உப்பளத்தைக் கொஞ்சம் நின்று பார்த்தால் விளங்கும். களப்பு நீரைத் தேக்கி, பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் வற்றவிடுகிறார்கள். முதலில் படிவது உப்பு அன்று. சுண்ணமும் ஜிப்சமும் முந்திக்கொள்ளும். அவை அடியில் தங்கியபின், நீரின் செறிவு போமே அளவில் 25 பாகையை எட்டும்போதுதான் சமையலுக்கான உப்புக் கட்டத் தொடங்குகிறது. அதையும் தாண்டி விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும்; அதற்குமுன் எஞ்சிய நீரை வெளியே விடவேண்டும். எந்த நிலையில் எது படியும், எதை எப்போது கைவிடுவது என்ற அறிவே இங்குத் தொழில்.

சனாதனன் 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியீடாகக் கொண்டுவந்த 'முற்றுப்பெறாத தோம்பு' இதே ஒழுங்கில் இயங்குகிறது. தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல். ஒல்லாந்தர் விரித்தெழுதிய காணிப் பதிவேடு. அரசு மண்ணை வரிக்காக அளந்த அந்த ஏட்டின் பெயரைச் சனாதனன் இழந்த வீடுகளின் ஏட்டுக்கு இட்டார். அலுவலகக் கோப்பின் சாயலில் அமைந்த அந்நூலில், இடம்பெயர்ந்தவர் தம் வீட்டை நினைவிலிருந்து தாமே வரைகிறார். பயிற்சியற்ற கைக்கு அளவுகோல் தெரியாது. எது மனத்துக்கு நெருக்கமோ அது தாளில் பெரிதாகிவிடும். பிறகு கட்டடக் கலைஞரின் வரைபடம் சுவர்களை நேராக்குகிறது, பாகங்களை அளவுக்குள் கொண்டுவருகிறது; அந்த நெருக்கம் அதில் வடிந்துவிடுகிறது. அதன்பின் சனாதனனின் சித்திரம், வடிந்ததை வேறோர் உருவில் கட்டவைக்கிறது. முதற் கோட்டை அழித்து அடுத்ததை வரையாமல் எல்லாப் படிவுகளையும் ஒருங்கே வைத்திருப்பதில்தான் இந்நூலின் பெருமை இருக்கிறது.

2016இல் கொச்சி முசிரிஸ் பினாலேயில் அவர் வைத்த 'எதிர்ப்பின் அலுமாரி'யும் நூலகத்து அட்டைப் பெட்டிகளின் வடிவில் போர்க்காலப் பிழைப்பறிவைத் தொகுத்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலால் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சையிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு திரியின் வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வித்தை அங்கே அடுப்படியில் நடந்தது.

இங்கே ஒரு தடை எழும். அழிவை வாதம் என்று சொல்வது துயரத்தைப் பொன்னாக்கி விற்பதாகாதா? இது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி அன்று. ஆனால் தோம்பில் பொன் விளையவில்லை. தலைப்பே 'முற்றுப்பெறாத' என்கிறது. வரைந்ததால் வீடு திரும்பி வரவில்லை. கீஃபரின் ஈயமும் ஈயமாகவே கிடக்கிறது. சிதம்பர இரகசியத்தில் திரையை விலக்கினால் தெரிவது வெளியும் அதன்மேல் தொங்கும் பொன் வில்வ மாலைகளுமே. இல்லாத ஒன்றின் இடத்தைக் கோடிட்டு நிறுத்துவது நம் மரபுக்குப் புதிதல்ல. சனாதனனின் வரைபடங்களும் அதையே செய்கின்றன.

தில்லையடியில் இருந்து இதை வாசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்நாட்களில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் துரத்தப்பட்டார்கள். புத்தளம் மாவட்டத்தில் அவர்களில் பெரும்பகுதியினர் தங்கினார்கள். தில்லையடியும் அப்படி நிறைந்த ஊர். தமிழர் அல்லாதார் இழைத்த கொடுமையை மட்டும் எழுதும் கலை வரலாறு பாதி வரலாறுதான்.

அன்று முப்பது வயதிலிருந்தவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். யாழ்ப்பாணச் சோனகத்தெரு வீட்டின் கிணறு எந்த மூலையில் இருந்தது, திண்ணை எத்தனை படி என்று கோடு போட்டுக் காட்டக்கூடிய கைகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. நுண்கலைத் துறைகளின் மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தில்லையடிக்கு இந்த ஆண்டே வரவேண்டும்.