சங்கிலியை எப்படிப் பிடித்தார்கள்?



பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது அரசாணை எண்ணைச் சொல்கிறோம், ஏக்கர் கணக்கைச் சொல்கிறோம். அந்த ஏக்கரை எப்படி அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அண்மையில் ஒரு படிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார்: "சரிவான நிலத்தில் டேப்பைத் தரையோடு போட்டு அளக்கணுமா, தூக்கிப் பிடித்து அளக்கணுமா?" கேள்வி சின்னதுதான். பதில் தெரியாததால் சென்ட் கணக்கில் நிலம் போயிருக்கிறது.

தூக்கிப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். பட்டாவிலும் புலப்படத்திலும் இருப்பது கிடைமட்ட அளவு. மேட்டில் ஏறி இறங்கும் தரையின் நீளம் அங்கே கணக்கில் வராது.

இந்த முறையை நம் மண்ணிலேயே பெரிய அளவில் செய்து காட்டியவர் வில்லியம் லாம்ப்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்கோட்டை அளந்தார். 40,006 அடி, ஏறத்தாழ ஏழரை மைல். இதற்கு 57 நாட்கள் ஆயின. 100 அடி எஃகுச் சங்கிலியை முக்காலிகளின் மேல் வைத்த மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியால் சூடு பார்த்து, ஒவ்வொரு நூறடியாக நகர்ந்தார்கள். தரை ஏறி இறங்கிய இடங்களில் சாய்வுக் கோணத்தைக் குறித்து, கிடைமட்ட நீளமாக மாற்றிக்கொண்டார். அந்தச் சங்கிலிக்கு ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அது. கோடு முடிந்த பெரும்பாக்கத்தில் இன்று எட்டு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட நம் மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

அளப்பது வெள்ளைக்காரனோடு வந்ததல்ல. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் நிலத்தைக் கோல் கொண்டு அளந்து, முந்திரி, கீழ்முந்திரி என்று பின்னத்தின் பின்னம் வரை எழுதுகின்றன. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அதிலும் 320-இல் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கம். அதே கல்வெட்டுகளில் வரிக்கணக்கிலிருந்து கழிக்கும் இடங்களின் பட்டியலில் குளம், வாய்க்கால், சுடுகாட்டோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. அளக்கத் தெரிந்தவர்கள் நம் தெருவை அளந்தது கழிப்பதற்காக.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வயல் வயலாகச் சர்வே நடந்தபோது கையில் இருந்தது கன்டர் சங்கிலி. 66 அடி நீளம், 100 கண்ணி. 'லிங்க்' என்றே நம் ஊரில் சொல்வார்கள். ஒரு லிங்க் சுமார் 20.12 சென்டிமீட்டர். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட், ஒரு லட்சம் சதுர லிங்க் ஓர் ஏக்கர். பழைய புலப்படங்களில் நீளங்கள் லிங்க்கில்தான் இருக்கும். நாம் இன்றும் சென்டில் பேசுவது இந்தச் சங்கிலியால்தான்.

சமதரையில் வேலை எளிது. இரண்டு முனைக்கும் நடுவே கம்பு நட்டு, கோடு விலகாமல் சங்கிலியை இறுக்கி இழுத்தால் போதும். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: பழைய சங்கிலியின் வளையங்கள் விரிந்து நீண்டுவிடும். நீண்ட சங்கிலி நிலத்தைக் குறைத்துக் காட்டும்.

சரிவில் படிப்படியாக இறங்கி அளப்பார்கள். மேல்முனை தரையைத் தொட்டிருக்க, கீழே நிற்பவர் சங்கிலியை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது விழும் இடத்தில் முளை அடிப்பார். அந்த முளையிலிருந்து அடுத்த படி. சரிவு கடுமையானால் முழுச் சங்கிலியை மட்டமாகப் பிடிக்க முடியாது. இருபது முப்பது லிங்க்காக அளக்க வேண்டும். நேரம் பிடிக்கும். அவசரக்காரர்கள் தரையோடு போட்டு இழுத்துவிடுவார்கள்.

இழுத்தால் என்ன ஆகும்? 500 லிங்க் நீளம், 200 லிங்க் அகலம், சரியாக ஓர் ஏக்கர் என்று வையுங்கள். நீளவாக்கில் 15 டிகிரி சரிவு. காணாமல்போன எல்லைக் கல்லை மீண்டும் நட, புலப்படத்தில் உள்ள 500 லிங்க்கைத் தரையோடு போட்டால், கிடைமட்டத்தில் கிடைப்பது 483 லிங்க்தான். கல் 17 லிங்க், சுமார் மூன்றரை மீட்டர், உள்ளே வந்துவிடும். 200 லிங்க் அகலத்துக்கு 3.4 சென்ட் பக்கத்து நிலத்துக்காரரிடம் போகும். 5 டிகிரி சரிவென்றால் இழப்பு 2 லிங்க்குக்கும் குறைவு. அதற்காகச் சண்டை போட வேண்டாம். மலையடிவாரத் தரிசு வேறு. நமக்கு ஒதுக்கியதில் நல்ல சமதரை எவ்வளவு இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

சர்க்கார் அளந்தது நமக்காக அல்ல, வரிக்காக. ஆனால் தரிசுக்கும் ஒரு எண் விழுந்தது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்கள் தரிசு கேட்டுத் தர்காஸ்து போட்டாலும் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்பதை எழுதினார். அடுத்த ஆண்டு அரசாணை 1010 வந்தது. எண் இருந்த நிலத்தைத்தான் எழுதிக் கொடுக்க முடிந்தது. கொடுத்த பின்னும் கணக்குப் புத்தகம் 1980 வரை கர்ணத்தின் கையில் இருந்தது. கல் நகர்ந்ததா, எழுத்து நகர்ந்ததா என்பது ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகத் தேட வேண்டிய வேலை.

எழுத்துக்குப் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் இன்றைய அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லுக்குப் புலப்படம் வேண்டும். நகலை இணையத்திலேயே எடுக்கலாம். அளக்கும் நாளில் மேல்முனையில் ஒருவர், கீழ்முனையில் ஒருவர் நில்லுங்கள். டேப் தரையில் படுத்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள், ஒவ்வொரு படியின் அளவையும் நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். தூக்குக்குண்டு கொண்டுவரவில்லை என்று அளப்பவர் சொன்னால், நூலில் கட்டிய ஒரு கல்லை நீட்டுங்கள்.

ஜெய் பீம்.