சமையலறையில் ஒரு துறவி

பாரிஸ் நகரின் வொஜிரார் தெருவில் கார்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. மூடிய காலணி அணியாமல் செருப்போடு நடக்கும் சபை அது. 17-ஆம் நூற்றாண்டில் அந்த மடத்துச் சமையலறையில் சுமார் 15 ஆண்டுகள் வேலை பார்த்தவர்தான் சகோதரர் லாரன்ஸ். குருப்பட்டம் கிடையாது, பெரிய படிப்பும் கிடையாது. ஆனாலும் அன்றாட வேலையில் கடவுளைத் தேடுவது பற்றிப் பேசும் கிறிஸ்தவர்கள் இன்றும் இவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். லொரேன் பகுதியில் 1614 வாக்கில் பிறந்தவர். 18 வயதில், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் வந்தது. அவ்வளவுதான்! தன் விசுவாசத்தின் தொடக்கம் அதுதான் என்று கடைசிவரை சொல்லி வந்தார்.

ஆனால் உடனே துறவியாகிவிடவில்லை. முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்தார். காலில் காயம்பட்டு, ஆயுள் முழுக்க நொண்டியே நடந்தார். பிறகு ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஏவலாள் வேலை. எதைத் தொட்டாலும் உடைத்துவிடுவாராம்! 1640-ல் மடத்தில் சேர்ந்தபோது, தன் தவறுகளுக்கெல்லாம் இங்கே நல்ல தண்டனை கிடைக்கும் என்று நினைத்துத்தான் சேர்ந்தார்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். லாரன்சுக்குச் சமையல் வேலை பிடிக்கவே பிடிக்காது. பிடித்த வேலை கிடைத்ததால் நிறைவு வந்தது என்ற கதை இதில்லை. அதோடு முதல் பத்து ஆண்டுகள் மனத்தில் கடும் வேதனை. பழைய பாவங்களின் நினைவு, தனக்கு மீட்பே இல்லையோ என்ற பயம்.... ஒரு கட்டத்தில், சாகும்வரை இப்படியேதான் இருக்கும் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டார். அதன் பிறகே அமைதி வந்தது என்று அவருடைய கடிதம் ஒன்று சொல்கிறது.

அவர் வழி மிக எளிது. வேலை தொடங்கும் முன் கடவுளிடம் பேசுவது, வேலைக்கு நடுவிலும் பேசுவது, பிழை நேர்ந்தால் ஒப்புக்கொண்டு அதையே நினைத்துக் குமையாமல் மேலே போவது. வாணலியில் முட்டையைத் திருப்பிப் போடுவதையும் கடவுளின் அன்புக்காகவே செய்தார். மற்றவர்களுக்குச் செபநேரம் வேறு, வேலைநேரம் வேறு. இவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, காலும் சரியில்லை. படகில் பீப்பாய்கள் மேல் உருண்டுதான் நகர முடிந்தது. இது உம்முடைய வேலை என்று கடவுளிடம் சொல்லிவிட்டுப் போனார், காரியம் நல்லபடியாக முடிந்தது. வயதான பின் செருப்பு தைக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார்.

இந்தச் சமையற்காரரைத் தேடி 1666-ல் ஜோசப் தெ பொஃபோர் என்ற குரு வந்தார். அடுத்த ஆண்டுவரை நடந்த நான்கு உரையாடல்களை அவரே குறித்து வைத்தார். 1691 பிப்ரவரி 12-ல் லாரன்ஸ் இறந்த பிறகு அந்தக் குறிப்புகளும் கடிதங்களும் 1692-லும் 1694-லும் அச்சாயின.

அதன் பின் ஒரு வேடிக்கை. ஃபெனலோன் என்ற ஆயர் ஆன்மிக அமைதி பற்றிய சர்ச்சையில் சிக்கி, தன் வாதத்துக்கு லாரன்சையும் துணைக்கு அழைத்தார். 1699-ல் போப்பாண்டவர் ஃபெனலோனின் நூலைக் கண்டிக்க, பிரான்சில் லாரன்ஸ் மீதும் சந்தேக நிழல் விழுந்தது. பாவம், சமையலறையைத் தாண்டாதவருக்கு இந்தப் பழி! அவரைக் காப்பாற்றியவர்கள் எதிர்முகாமில் இருந்த புராட்டஸ்தாந்துகள். பியர் புவாரே 1710-ல் அவர் எழுத்துக்களை மறுபடி வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி, தன்னைப் பின்பற்றியவர்களுக்காகத் தொகுத்த நூல் வரிசையில், இந்தக் கத்தோலிக்கச் சகோதரருக்கும் இடம் கொடுத்தார்.