எபிங்ஹவுஸ், ஹெர்மன்

ஹெர்மன் எபிங்ஹவுஸ் (1850–1909) நினைவாற்றலை முதன்முதலில் சோதனை வழியாக அளந்த ஜெர்மானிய உளவியல் அறிஞர். பார்மன் நகரில் பிறந்த இவர் பெர்லின், பிரெஸ்லாவ், ஹாலே பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். புலனுணர்வை எண்ணால் குறிக்கலாம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் 1860இலேயே காட்டிவிட்டார். ஆனால் அதைவிட உயர்ந்த மனச்செயல்கள் சோதனைக்கு அகப்படா என்பதே 1879இல் லைப்சிக்கில் ஆய்வுக்கூடம் நிறுவிய வுண்ட்டின் கொள்கை. நினைவைப் பற்றி 1885இல் எபிங்ஹவுஸ் வெளியிட்ட நூல் அந்த வரம்பைத் தகர்த்தது. மறந்துவிட்டதாக நாம் கருதுவதையும் அளக்க அவர் வழி கண்டதே இதற்குக் காரணம்.

இரு மெய்யொலிகளுக்கு நடுவே ஓர் உயிரொலி அமைந்த சுமார் 2,300 பொருளற்ற அசைகளை அவர் உருவாக்கினார். அவற்றை வரிசைகளாக்கி, நிமிடத்துக்கு 150 தட்டு என்ற சீரான வேகத்தில் படித்துத் தாமே மனப்பாடம் செய்தார். சிறிது காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். முதலில் 1,000 விநாடி எடுத்தது பிறகு 600 விநாடியில் முடிந்தால் சேமிப்பு 40 விழுக்காடு. ஓர் அசைகூட நினைவுக்கு வராத நிலையிலும் மனத்தில் தங்கியிருப்பதை இச்சேமிப்பு காட்டிக்கொடுக்கும். ஏறத்தாழ 20 நிமிடத்தில் 58 விழுக்காடாக இருந்த சேமிப்பு, ஒரு மணி நேரத்தில் 44ஆகவும், ஒரு நாளில் 34ஆகவும் குறைந்தது; 31 நாள் கழிந்தும் 21 விழுக்காடு எஞ்சியது. மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை இந்த ‘மறதி வளைவு’ உணர்த்துகிறது.

ஒரே மனிதர் தம்மீதே செய்த சோதனை எல்லோருக்கும் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் வேறொருவரைக் கொண்டு அதைத் திரும்பச் செய்து 2015இல் வெளியிட்ட முடிவும் ஏறக்குறைய அதே வளைவைத் தந்தது. பொருளற்ற அசைகள் இயல்பான நினைவைக் காட்டா என்று 1932இல் உளவியல் அறிஞர் பார்ட்லெட் வாதிட்டார். கதையைத் திரும்பச் சொல்பவர் அதைத் தம் பண்பாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்வதை அவர் ஆய்வுகள் மெய்ப்பித்தன. அது வேறொரு கேள்விக்கான விடை. எபிங்ஹவுஸின் அளவீட்டை அது பொய்யாக்கவில்லை. பொருளின் வலிமையை அவரும் அறிந்திருந்தார்: பைரனின் ‘டான் ஜுவான்’ செய்யுள்களைக் கற்க, அசைகளுக்கான உழைப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கே போதுமானது என அவரே பதிவுசெய்தார்.

ஓர் அசை வரிசையை ஒரே நாளில் ஒரே மூச்சில் 68 முறை படித்ததன் பலன், மூன்று நாள்களில் பிரித்து 38 முறை படித்ததிலேயே கிடைத்ததையும் அவர் கண்டார். இடைவெளி விட்டுப் படிக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு முதல் சோதனைச் சான்று இதுவே.